தோள்மேல் இருந்த கை யாருடையது என்று கேட்ட நதியா டீச்சர்

கூட்டத்துக்குத் தலைமையேற்றிருக்கும் தலைமை ஆசிரியர் சிவசங்கர் அவர்களே, மேடையில் உள்ள பெரியோர்களே, டீச்சரிடம் படித்த பிள்ளைகளே, மலையிலிருந்தும் அடிவாரத்திலிருந்தும் வந்திருக்கும் உறவுகளே, எல்லோருக்கும் வணக்கம்.

நான் அருணகிரி. சாமை விதைக்கிறவன். மேடையேறிப் பழக்கமில்லை. வரலாற்று ஆசிரியை நதியா அவர்களுக்கு இரங்கல் சொல்ல அழைத்திருக்கிறீர்கள். முப்பத்து நான்கு வயதுப் பெண்ணுக்கு நான் இரங்கல் சொல்வதா? ஞாயிற்றுக்கிழமை என் வீட்டில் சாப்பிட்டவர், திங்கள்கிழமை இடி விழுந்து இறந்துபோனார். ஐந்து நாளாகியும் என்னால் நம்ப முடியவில்லை.

இந்த மலையில் யார் எந்தக் கொல்லையை உழுதார்கள் என்று எழுதிவைப்பதற்காக, வீடு வீடாகப் போய்ப் பழைய போட்டோக்களையும் பொருள்களையும் பார்த்தவர் அவர். போன மாசியில் எங்கள் வீட்டுப் பெட்டியைத் திறந்தார். ஒரு போட்டோ இருந்தது. என் தாத்தாவும், பத்து வயதில் என் அப்பா லட்சுமணனும். புளி விற்க அடிவாரத்து ஒடுகத்தூருக்குப் போனபோது ஸ்டுடியோவில் எடுத்தது. ஓரம் கத்தரிக்கோலால் வெட்டியிருந்தது. அப்பாவின் தோள்மேல் ஒரு கை மட்டும் மிச்சமிருந்தது.

"இது யார் கைங்க?" என்று கேட்டார். அப்பா போட்டோவைக் கவிழ்த்து வைத்தார். பெட்டியின் அடியில், துணியில் சுற்றிய கதிர் அரிவாள். "இது யாருதுங்க ஐயா?" அப்பா எழுந்து கொல்லைக்குப் போய்விட்டார்.

எனக்குக் கோபம். "பெரியவரு மனசப் புண்படுத்தாதீங்க டீச்சர், கெளம்புங்க" என்றேன். அப்படிச் சொன்ன வாய்தான் இன்று இங்கே பேசுகிறது.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. போட்டோவின் பின்னால் இருந்த ஸ்டுடியோ முத்திரையைக் குறித்துக்கொண்டு ஒடுகத்தூரில் விசாரித்தார். அதே படம், வெட்டாமல், ஒரு வீட்டுச் சுவரில் தொங்கியது. அது என் அத்தை செல்லம்மாவின் வீடு; அந்தக் கையும் அவருடையதுதான். அடிவாரத்து ஆளைக் கட்டிக்கொண்டார் என்று தாத்தா படத்திலிருந்தே வெட்டியெறிந்த மகள். எனக்கு ஓர் அத்தை உண்டென்று நாற்பத்தெட்டு வயதில்தான் தெரிந்துகொண்டேன்.

டீச்சர் வந்து சொன்னபோது அப்பா ஒன்றுதான் கேட்டார்: "அக்கா உசுரோட கீறாளா?"

போன ஞாயிறு டீச்சரே ஜீப்பில் அத்தையை அழைத்துவந்தார். அப்பா அரிவாளை எடுத்துக் கொடுத்தார்.

"இத இன்னும் வெச்சினு கீறியாடா?"

"உன்துதானே. வேற யாருக்குக் குடுப்பேன்?"

அறுபது வருஷம் பேசாத இருவரும் பொழுது சாயும்வரை பேசினார்கள். எங்கள் மேட்டுக் கொல்லையில் கல் பொறுக்கித் திருத்தியதே அத்தைதானாம். நாங்கள் தாத்தா பெயரைச் சொல்லிவந்தோம். டீச்சர் அத்தை பெயரை எழுதினார்.

மறுநாள் அவர் இல்லை. இது என்ன நியாயம்? யாரிடம் போய்க் கேட்பது? எண்பது வயது அத்தை முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். அவரிடம் நான் என்ன சொல்வேன்?

திங்கள்கிழமை டீச்சர் போய்க்கொண்டிருந்தது ராஜாக்கண்ணு அண்ணன் வீட்டுக்கு. நாலு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தாராம். அண்ணன் தன் வீட்டுப் பெட்டியைத் திறந்துவைத்துக் காத்திருந்தார். இன்னும் மூடவில்லை என்கிறார்.

டீச்சரின் நோட்டில் இன்னும் பதினோரு வீடு மீதி. அவரைப்போல் கேட்க எங்களுக்குத் தெரியாது. ஆனாலும் நாளைக் காலை நானும் அத்தையும் அந்த நோட்டோடு போகிறோம். பதினோரு வீட்டையும் எழுதி முடிப்போம். இது நதியா டீச்சர்மேல் ஆணை.

ராஜாக்கண்ணு அண்ணே, பெட்டி அப்படியே இருக்கட்டும்.