ஏழு வீட்டுக்கு இரண்டு கிணறு

— டமார்னு என்னம்மா சத்தம் அது! சைக்கிளோட விழப் பாத்தேனே!

— சுண்ணாம்புக்கல்லுக்கு வேட்டு வைக்கிறாங்க சார், பயப்படாதீங்க. நீங்க யாரு, சாராயம் புடிக்க வந்தீங்களா?

— வாத்தியாரும்மா. பேரு சிங்காரவேலு. எண்பத்தொண்ணாம் வருச ஜனத்தொகைக் கணக்குக்கு வந்திருக்கேன். இந்த எடம் மேப்புலயே இல்ல. செங்கமலம் குடிக்காடு இதானே? ரோட்டு டீக்கடையில சொன்னாங்க.

— எவன் சொன்னான்? கலியம்மா குடிக்காடுன்னு எழுதுங்க. நாந்தான் கலியம்மா. கொட்டை எழுத்துல எழுதுங்க. அந்தச் செங்கமலம் எங் கொழுந்தன் பொண்டாட்டி. எனக்கு எளையவ.

— என்னக்கா, வந்தவருக்குத் தண்ணி கூடக் குடுக்காம சண்டையா? இந்தாங்க சார், குடிங்க. நாந்தான் செங்கமலம்.

— பாத்தீங்களா? இப்படிப் போறவன் வரவனுக்கெல்லாம் சொம்பு நீட்டியே ஊர் பேர வாங்கிட்டா. அத வையிங்க சார். எங் கெணத்துத் தண்ணி கல்கண்டாட்டம் இருக்கும்.

— ஏழு வூட்டுக்கு ரெண்டு கெணறா?

— அவ கெணத்துல நான் மொள்ள மாட்டேன். எங் கெணத்துல அவ மொள்ளக் கூடாது. அது பெரிய கதை.

— எனக்கு எதுக்கும்மா வம்பு? மொதல்ல குடி வந்தது யாரோ அவங்க பேரு. யாரு வந்தீங்க?

— நானும் எம் புருசன் வெள்ளச்சாமியும் சார். அப்ப இங்க வெறும் கருவேலங்காடு. ஆனா அக்கா பேரே இருக்கட்டும்.

— எனக்குப் பிச்சை போடறியாடி? சார், இவ ஏன் வந்தான்னு கேளுங்க. கல்லங்குறிச்சித் தேருக்குப் போன எம் புருசன் வளையல் வாங்கியாந்தாரு. எனக்கு அரை டஜன், இவளுக்கு ஒரு டஜன்! வுடுவேனா? 'எனக்கும் அவருக்கும் ஒண்ணுமில்ல'ன்னு அந்தப் பெருமாள் முன்னாலயே கர்ப்பூரம் அணைச்சு சத்தியம் பண்ணுடின்னேன்.

— பண்ணினாங்களா?

— பண்ணினா. நான் அப்ப நெறமாசம், கோயிலுக்குள்ள போகல. மரத்தடியில உக்காந்துட்டேன். கொழுந்தன்தான் இவளக் கூட்டிக்கிட்டு உள்ள போனாரு. 'அணைச்சுட்டா அண்ணி'ன்னு வந்து சொன்னாரு.

— அதுக்கும் இந்த ஊருக்கும் என்னம்மா சம்பந்தம்?

— சத்தியம் கேட்டவளும் பண்ணினவளும் ஒரே கெணத்துல தண்ணி மொள்ளக் கூடாது சார். அது எங்க வழக்கம். பழைய ஊர்ல இருந்தது ஒத்தக் கெணறு. அதான் இவங்க இங்க வந்து வெட்டினாங்க. ஆறே மாசத்துல, தம்பிய வுட்டுட்டு இருக்க முடியலன்னு எம் புருசன் சோறு எறங்காமக் கெடந்தாரு. அவதான் சத்தியம் பண்ணிட்டாளேன்னு நானும் மூட்டை கட்டினேன். நான் சத்தியம் கேக்கலன்னா இங்க குடிசை ஏது, கெணறு ஏது? இப்பச் சொல்லுங்க, இந்த ஊர உண்டாக்குனது யாரு?

— அடேங்கப்பா! சரிம்மா, கலியம்மா குடிக்காடு. எழுதிட்டேன். செங்கமலம்மா, நீங்க ஏன் அழறீங்க?

— பேரு போச்சேன்னு அழறா சார். அழட்டும், எத்தன வருசம் நான் வயிறெரிஞ்சிருக்கேன்!

— பேருக்கு இல்லக்கா. பதினஞ்சு வருசமா நீ அந்தச் சத்தியத்த நம்பிக்கிட்டு இருக்கியே... அன்னிக்குக் கர்ப்பூரத்துக்கிட்ட எனக்குக் கை நீளவே இல்லக்கா. பாத்துக்கிட்டே நின்ன எம் புருசன்தான் வெளிய வந்து உங்கிட்ட 'அணைச்சுட்டா'ன்னு சொன்னாரு.