கையெழுத்துக்கு முன் வந்த படம்

அவைக்குத் தலைமையேற்றிருக்கும் இராசேஸ்வரி அம்மையார் அவர்களே, தர்மபுரம் இளைஞர் கழகத்து உறவுகளே, வயல் வேலையை இடையில் விட்டு வந்திருக்கும் பெரியோர்களே, பிள்ளைகளை மடியிலும் கவலைகளை நெஞ்சிலும் சுமந்து அமர்ந்திருக்கும் தாய்மாரே, யதுர்ஷிகாவாகிய நான் உங்கள் அனைவரையும் கைகூப்பி வணங்குகிறேன்.

உலகமே பார்த்த அந்தக் கொரியத் தொடரில் ஒளிந்திருக்கும் தடயங்கள். இதுதான் எனக்குத் தந்த தலைப்பு. தோற்றவர் உயிரிழக்கும் விளையாட்டுத் தொடர். பின்வரிசைத் தம்பிமார் சிரிக்கிறார்கள். சிரியுங்கள், நானும் சிரித்தவள்தான்.

வழியற்ற மனிதர் நூற்றுக்கணக்கானோர் ஒரு மண்டபத்தில் அடைபடுகிறார்கள். அடுக்கடுக்காய்க் கட்டில்கள். அவற்றுக்குப் பின்னால், சுவரில், அவர்கள் ஆடப்போகும் ஆட்டங்கள் படங்களாய் வரையப்பட்டிருக்கின்றன. யார் பார்த்தார்? யார் திரும்பினார்? ஆட்கள் சாகச் சாகக் கட்டில்கள் குறைகின்றன. கட்டில்கள் குறையக் குறையச் சுவர் தெரிகிறது. அப்போதும் அவர்கள் பார்ப்பதில்லை.

இதை எனக்குக் காட்டியவன் பிரசாந்தன். அமராவதி அம்மாவின் ஒரே மகன். கிளிநொச்சியில் கொரிய மொழி வகுப்பில் என் பக்கத்துக் கதிரையில் இருந்தவன். காட்சியை நிறுத்தி நிறுத்திப் பார்ப்பான். “யது, அந்த மூலையைப் பார். சும்மா ஒண்டையும் வைக்கமாட்டினம்” என்பான். அவன் கண்டுபிடிப்பான், நான் பேசுவேன்; இருவரும் சேர்ந்து காணொளிகள் போட்டோம்.

கொரியாவில் வேலைக்குப் போவதற்கான மொழிப் பரீட்சையில் அவன் சித்தியடைந்தான். அழைப்புக்காகக் காத்திருந்தான். மாரி போனது, கோடை போனது, இரண்டு ஆண்டுகள் போயின. பெறுபேறும் காலாவதியாகிப் போனது. அந்த நேரத்தில்தான் ஓமந்தையில், வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் ஒருவர் அறிமுகமானார். பனி கொட்டும் நாடொன்றில், முகாம் சமையலறையில் வேலை என்றார். பிரசாந்தன் போனான்.

ஒரு மாதத்தில் தாய்க்குக் குரல் பதிவு வந்தது. “அம்மா, இஞ்ச குசினி வேலை இல்லை. துவக்குத் தந்து சுடப் பழக்கினம். நீங்கள் யோசிக்காதேங்கோ.” பிறகு எதுவும் வரவில்லை. அவனோடிருந்த ஒருவர் தப்பி வந்து சொன்னார்: விடியற்காலை ஒரு வெளியைக் கடக்கச் சொன்னார்களாம், போன பதினொரு பேரில் எவரும் திரும்பவில்லையாம். உடல் இல்லை. கடிதம் இல்லை. எந்தப் பட்டியலிலும் பெயர் இல்லை. இந்த மண்ணில் ஒரு யுத்தத்தைத் தாண்டிவந்த தாய்க்கு, யாரோ ஒருவருடைய யுத்தத்தில் பிள்ளை போனான்.

சென்ற மாதம் அமராவதி அம்மா என் வீட்டுக்கு வந்தா. “மகள், அவன் பாத்துப் பாத்துச் சிரிச்ச படத்தை எனக்கும் ஒருக்காக் காட்டுங்கோ” என்றா. காட்டினேன். அந்தச் சுவரைக் கண்டதும் கேட்டா: “இதுகளுக்கு ஆராவது முன்னமே சொல்லியிருந்தா, தப்பியிருக்குங்கள் என்ன?”

“ஓம் அம்மா” என்றேன். மிச்சத்தைச் சொல்லத் துணியவில்லை.

இல்லை, தலைவி அம்மா, தண்ணீர் வேண்டாம். முடித்துவிடுகிறேன்.

அமராவதி அம்மா, நாலாம் வரிசையில் இருக்கிறீர்கள். கேளுங்கள். அங்கே போய் இறங்கிய மூன்றாம் நாள், பிரசாந்தன் எனக்கு ஒரு தாளைப் படமெடுத்து அனுப்பினான். “யது, கையெழுத்துக் கேட்டு நிக்கினம். இதில என்ன எழுதியிருக்கு எண்டு கெதியாப் பாத்துச் சொல்லு” என்று எழுதினான். நான் தொடரின் புதிய தடயம் பற்றிக் காணொளி செய்துகொண்டிருந்தேன். “வேலையா இருக்கிறன், பிறகு பாக்கிறன்” என்று பதில் போட்டேன்.

மூன்று மணித்தியாலம் கழித்துக் கைபேசியில் மொழிபெயர்த்துப் பார்த்தேன். முன்னரங்கப் படைச் சேவை, இடையில் விலக முடியாது என்றிருந்தது. உடனே அழைத்தேன். “போட்டிட்டன் யது” என்றான். அவ்வளவுதான் சொன்னான்.

பன்னிரண்டாயிரம் பேர் அந்தக் காணொளியைப் பார்த்தார்கள். என்ன கூர்மையான கண் என்று எழுதினார்கள். எந்தக் கண்? எதைப் பார்த்த கண்? யாரைப் பார்க்காத கண்?

பயணப்பை கட்டும் தம்பிமாரே, தங்கைமாரே, விளங்காத மொழியில் ஒரு தாளை நீட்டினால் பேனாவைத் தொடாதீர்கள். எனக்கு அனுப்புங்கள், பார்க்கிறேன். பார்க்கிறேன் என்று சொல்லும்போதே என் குரல் எனக்குப் பொய்யாய்க் கேட்கிறது.

பேச அழைத்த கழகத்துக்கும், பொறுமையாய்க் கேட்ட உங்களுக்கும் என் நன்றி. கைதட்ட வேண்டாம். அமராவதி அம்மா எழுந்து வாசல் பக்கம் போகிறா. யாரும் மறிக்காதீர்கள், அவவுக்கு வழிவிடுங்கள்.

வணக்கம்.