தரையிலிருந்து எழுவது

நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருக்கிறீர்கள், தம்பி. கொஞ்சம் பின்னால் தள்ளி உட்காருங்கள், முதுகுக்கு நல்லது. நான் ஒன்றும் ஓடிவிட மாட்டேன்.

வீட்டு முன்கூடத்தில்தான் என் பிலாட்டீஸ் உடற்பயிற்சி வகுப்பு. முதலில் பாயில் படுத்து, வயிற்றை இறுக்கி, காலைத் தூக்குவதோடு சரி. ஒருநாள் அக்கா உள்ளேயிருந்து வந்து எல்லார் முன்னாலும் நின்றாள்.

"ஏன்டி, மல்லாந்து கிடந்து காலை ஆட்டினா வீட்டு வேலை நடந்துருமா? கீழ விழுந்தா எந்திரிக்கச் சொல்லிக் குடு, புண்ணியமாப் போகும்."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. வாளி தூக்குவது, உயரத்தில் இருப்பதை எட்டி எடுப்பது, தரையிலிருந்து எழுவது எல்லாவற்றையும் சேர்த்தேன். வகுப்பு நிரம்பி வழிந்தது. "எல்லாம் என் யோசனை. இவளுக்கு ஏது அவ்வளவு மூளை?" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வாள். ஆனால் ஒருநாளும் பாயில் உட்கார்ந்தவள் இல்லை.

போன வாரம் ஒரு மாலை, வகுப்புக்குச் சற்று முன்பு சமையலறையில் வழுக்கி விழுந்தாள்.

"இடுப்பு போச்சுடி. கையக் குடு."

கை கொடுத்தால் பாடம் கெட்டுவிடும். நான் யாருக்கும் கொடுப்பதில்லை. "ஒருக்களிச்சுப் படு அக்கா. முட்டிய மடக்கு. மூச்ச விடு," என்றேன், பொறுமையாக.

"விளையாடாதடி. உயிர் போகுது."

புதிதாக வருகிற எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள். நாற்காலியைப் பிடிக்கப் பார்த்தாள். பிடிமானம் பழகிவிடக் கூடாதென்று தள்ளி வைத்தேன். அவள் கைபேசியை மேல் அலமாரியில் வைத்தேன். எட்டி எடுப்பதும் அவள் யோசனையில் வந்ததுதானே.

சமையலறைக் கதவை வெளியே பூட்டிவிட்டு வகுப்புக்குப் போனேன். பாட்டுச் சத்தத்தைக் கொஞ்சம் கூட்ட வேண்டியிருந்தது.

"உள்ள யாரோ கூப்பிடுற மாதிரி இருக்கே, மிஸ்?"

"அக்கா பயிற்சி பண்றாங்க."

எல்லாரும் சிரித்தார்கள்.

மறுநாளும் நான் கதவைத் திறக்கவில்லை. அதை மறைக்கப் போவதில்லை, வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள். நடுவில் போய் நின்றால் அவளுக்குத் தைரியம் குறைந்துவிடும். அதற்கடுத்த நாள் காலையில் சத்தம் எதுவும் இல்லாததால் திறந்தேன். ஒருக்களித்துப் படுத்திருந்தாள். முட்டியும் மடங்கியிருந்தது. சொல்லிக்கொடுத்ததில் பாதியைச் சரியாகவே செய்திருந்தாள். உடம்பு சில்லிட்டிருந்தது.

இன்னும் கொஞ்சம் முயன்றிருந்தால் எழுந்திருப்பாள், தம்பி. எதையும் பாதியில் விட்டுவிடுவது அக்காவுக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கம்.