முன்கூட்டியே எடுத்துவைத்த கோபம்

மைக்கை வாய்க்கு நேராக வைக்காதீர்கள் மேடம். கொஞ்சம் பக்கவாட்டில் திருப்பி வைத்தால் மூச்சுச் சத்தம் விழாது. மேலே ஓடுகிற மின்விசிறியையும் நிறுத்திவிட்டால் நல்லது. நான் சொல்வதை நாளைக்கு நீங்கள் பத்துப் பேருக்குப் போட்டுக் காட்ட வேண்டியிருக்கும். ஒரு சொல் புரியவில்லை என்றாலும் மறுபடி என்னைத்தான் கூப்பிடுவீர்கள்.

என் தொழில் கோபப்படுவது. விளையாட்டுக்குச் சொல்லவில்லை. 'கடுப்பு நேரம்' என்று ஒரு சேனல் வைத்திருக்கிறேன். உள்ளே வரும்போது வாசலில் நின்ற காவலர்கூட, "நீங்கதானே அந்த பல் தேய்க்கிற பிரஷ்ஷைக் கிழிச்சு தொங்கவிட்டது?" என்று கேட்டார். நான்தான். ஈறு வலிக்கிறதா என்று நம்மிடமே கேட்டுக்கொண்டு, 'உங்களுக்கு ஈறு வலிக்கிறது' என்று நமக்கே அறிக்கை அனுப்புகிற ஏஐ பிரஷ் அது. ஆயிரம் பேரை வேலையைவிட்டுத் தூக்கிவிட்டு கேமரா முன்னால் மூக்கைச் சிந்தினாரே ஒரு முதலாளி, அவரைக் கிழித்ததும் நான்தான். "நாம எல்லாரும் ஒரே குடும்பம்" என்றார். எங்கள் குடும்பத்தில் இதுவரை யாரையும் மின்னஞ்சல் அனுப்பி நீக்கியதில்லை என்றேன். அது நன்றாக ஓடியது.

எங்கள் குடும்பத்தில் என்னைத் தவிர யாருக்கும் மின்னஞ்சல் கிடையாது என்பது வேறு விஷயம். அப்பா கிடங்கில் மூட்டை தூக்கியவர். பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். ஏழு கம்பெனிகளில் நேர்முகத் தேர்வுக்குப் போனேன். ஏழு இடத்திலும் என் மதிப்பெண்ணைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார்கள். நான் வாயைத் திறந்ததும் புருவத்தை இறக்கிக்கொண்டார்கள். "இன்னும் கொஞ்சம் பாலிஷ்டா பேசிப் பழகுங்க" என்றார் ஒருவர். நான் பழகவில்லை. பாலிஷ் இல்லாத வாயை வைத்துக்கொண்டே அதே கம்பெனிகளைப் பற்றிப் பேச ஆரம்பித்தேன். பிறகு அவர்களே, 'அன்புள்ள மேடம்' என்று போட்டுத் தங்கள் பொருட்களை எனக்கு இலவசமாக அனுப்பினார்கள்.

இந்தத் தொழிலில் வெளியே தெரியாத ஒரு நடைமுறை உண்டு. கம்பெனிகள் செய்தியை எங்களுக்கு முன்னாலேயே அனுப்பிவிடும். வியாழன் பத்து மணிவரை வாயைத் திறக்கக் கூடாது என்று நிபந்தனை போட்டு. நாங்கள் செவ்வாய்க்கிழமையே அதிர்ச்சி அடைந்து, ஆத்திரப்பட்டு, தலையில் அடித்துக்கொண்டு, எல்லாவற்றையும் வெட்டி ஒட்டித் தயாராக வைத்துவிடுவோம். வியாழக்கிழமை நீங்கள் பார்த்துக் கொதிக்கிற கோபம் இரண்டு நாள் பழையது. முதலில் கோபப்படுகிறவருக்குத்தான் கூட்டம். பத்து நிமிடம் பிந்தினால் உங்கள் கோபத்தை நாய்கூடச் சீண்டாது. ஆகவே நடந்த செய்திக்கு மட்டுமல்ல, நடக்கக்கூடிய செய்திக்கும் எடுத்துவைப்பேன். உயிரோடு இருக்கும் பெரிய மனிதர்களுக்குப் பத்திரிகைகள் இரங்கல் கட்டுரை எழுதி வைத்திருப்பதில்லையா, அது மாதிரி.

இனி சோடாபுட்டி விஷயம். கல்லூரியில் என் பக்கத்து இருக்கை அவள். அவள் போட்டிருந்த தடிமனான மூக்குக்கண்ணாடியைப் பார்த்து வைத்த பெயர். கைப்பட்டை செய்கிற கம்பெனியில் சோதனைப் பிரிவில் இருக்கிறாள். வயதானவர்கள் கட்டிக்கொள்கிற பட்டை. கீழே விழுந்தால் அதுவே உணர்ந்து, கையோடு இருக்கும் ஃபோன் வழியாக வேண்டியவர்களை அழைக்கும். நான் அதிசயமாகப் பாராட்டிப் பேசிய ஒரே பொருள் அது. ஒருநாள் மத்தியானம் அவள் கூப்பிட்டாள்.

"ஏய், புது அப்டேட்ல ஒரு கோளாறு டி. ஃபோன்ல பேட்டரி சேவர் போட்டிருந்தா பட்டை செத்த பாம்பு மாதிரி கிடக்குது. ஆள் விழுந்தாலும் அழைப்பு போகலை."

"மேல சொன்னியா?"

"சொன்னேனே. அடுத்த மாசம் பார்க்கலாம்னு எழுதி மூடிட்டாங்க. நீ ஒரு வீடியோ போடு டி. நீ கத்தினா மறுநாளே சரி பண்ணிடுவாங்க."

போடுகிறேன் என்றேன். போடவில்லை. காரணம் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள். அதற்கு முந்தின வருடம் ஒரு சார்ஜர் சூடாகிறது என்று எச்சரித்து வீடியோ போட்டேன். நானூற்றுச் சொச்சம் பேர் பார்த்தார்கள். அதில் பாதிப் பேர் என் தலைமுடியைப் பற்றிக் கருத்துச் சொன்னார்கள். இரண்டு வாரம் கழித்து அதே சார்ஜர் ஒரு வீட்டின் கட்டிலை எரித்தது. அன்றைக்குக் கத்தினேன், ஒன்பது லட்சம் பேர். கம்பெனி காலில் விழுந்தது. எச்சரித்தால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை மேடம், எரிந்தால் பார்க்கிறார்கள். இந்த விதியை நான் உண்டாக்கவில்லை.

அன்று சாயங்காலமே அப்பாவின் கையிலிருந்த பட்டையைக் கழற்றினேன். கிடங்கில் விழுந்ததிலிருந்து அவருக்குத் தலைசுற்றல் உண்டு.

"ஏம்மா கழட்டுற? காலையிலதானே சார்ஜ் போட்ட?"

"மக்கர் பண்ணுதுப்பா. இனிமே தனியா எங்கயும் போகாதீங்க."

இதையும் நீங்கள் எனக்கு எதிராகத்தான் எழுதுவீர்கள். பெற்ற அப்பாவைப் பார்த்துக்கொள்வது குற்றமா?

டீச்சர் விஷயம் வேறு. நாங்கள் மாடியில் குடியிருக்கிறோம், அவர் கீழே, வீட்டுக்காரர் அவர்தான். கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். மகன் வெளிநாட்டில். என் வீடியோ ஒன்று விடாமல் பார்ப்பார். பார்த்துவிட்டுப் படிக்கட்டில் நின்று மதிப்பெண் போடுவார். "கோபக்காரி, இன்னிக்கு ரொம்பக் கத்திட்ட. தொண்டை என்னத்துக்கு ஆகும்? பத்துக்கு ஆறு." நான் பாராட்டினேன் என்பதற்காகவே அந்தப் பட்டையை வாங்கினார். "இதைக் கட்டினா ஜெயில்லேர்ந்து வந்தவ மாதிரி இருக்கேன், இருந்தாலும் நீ சொன்னியேன்னு கட்டியிருக்கேன்" என்றார். அவருடைய ஃபோனில் சார்ஜ் நிற்பதில்லை என்று புலம்பியதால் பேட்டரி சேவரைப் போட்டுக் கொடுத்ததும் நான்தான். அது கோளாறு வருவதற்கு முன்னால். தேதியைச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

அவரிடம் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். சொன்னால் மகனிடம் சொல்வார். மகன் கம்பெனிக்கு எழுதுவார். கம்பெனி சத்தமில்லாமல் சரிசெய்து, 'சிறு மேம்பாடுகள்' என்று ஒரு வரி போட்டு மூடிவிடும். லட்சக்கணக்கான பேருடைய உயிரோடு விளையாடியது யாருக்குமே தெரியாமல் போயிருக்கும். எனக்குப் பொதுநலன் முக்கியம்.

ஒருநாள் அவரே கேட்டார். "இது வேலை செய்யுதாடி? ரெண்டு வாரமா ஒரு சத்தமும் காணோம்."

"நீங்க விழுந்தாத்தானே டீச்சர் சத்தம் போடும்?"

"அதுக்காக விழுந்து பார்க்க முடியுமா!"

இரண்டு பேரும் சிரித்தோம். அவர் சிரித்தால் தோள் குலுங்கும்.

அந்த வாரம்தான், பட்டையை நம்பி யாராவது செத்தால் போடுவதற்கான வீடியோவை எடுத்துவைத்தேன். மூன்று விதமாக எடுத்தேன்: ஒரு தாத்தா, ஒரு அப்பா, ஒரு அம்மா. எது பொருந்துகிறதோ அதைப் போட்டுக்கொள்ளலாம் என்று. 'அம்மா' தான் நன்றாக வந்தது. "அந்த அம்மா உங்களை நம்பித்தானேடா கையில கட்டினாங்க" என்ற இடத்தில் குரல் உடைந்துவிட்டது. நடிப்பு இல்லை மேடம். எனக்கு உண்மையிலேயே அழுகை வந்தது. அந்த அம்மா யார் என்று அப்போது எனக்குத் தெரியாது. யாராவது ஒருவர், எங்கோ ஒரு வீட்டில், என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒன்பது நாள் கழித்து டீச்சர் குளியலறையில் வழுக்கி விழுந்தார். மத்தியானம் பாத்திரம் கழுவ வருகிற அக்கா பார்த்துவிட்டு அலறினாள். ஓடிப்போனேன். ஆம்புலன்ஸைக் கூப்பிட்டதும் நான்தான், அக்காவுக்குத் தண்ணீர் கொடுத்ததும் நான்தான். டீச்சரின் கையில் பட்டை இருந்தது, பச்சை விளக்கு எரிந்தபடி. அதைப் படம் எடுத்துக்கொண்டேன். ஆதாரம் முக்கியம். ஆம்புலன்ஸ் போய் முப்பத்தெட்டாவது நிமிடம் வீடியோ வெளியே வந்தது.

பலன் என்ன என்று நீங்களே பார்த்தீர்கள். இரண்டே நாளில் அத்தனை பட்டைகளையும் திரும்பப் பெற்றார்கள். முதலாளி கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். அந்தச் சட்டைக்கும் ஒரு வீடியோ போட்டேன். சோடாபுட்டி எழுதிய புகார் அடுத்த மாதம்வரை தூங்கியிருக்கும். கணக்குப் போட்டுப் பார்த்தால் ஒருவருக்கு எதிராக லட்சம் பேர். டீச்சருக்கே இந்தக் கணக்கு புரிந்திருக்கும்.

தவறு ஒன்றே ஒன்று. ஒலியைச் சரியாகச் சுத்தம் செய்யவில்லை. நான் அழுகிற இடத்துக்குப் பின்னால், ரொம்ப மெலிதாக, கீழேயிருந்து ஒரு குரல் கேட்கிறது: "கோபக்காரி, மழை வருது, துணியை எடு!" வெளிநாட்டிலிருந்து அதை ஹெட்ஃபோனில் கேட்ட மகனுக்கு அது யார் குரல் என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவர் அம்மா செத்ததற்காக நான் அழுகிறேன், அவர் அம்மா பின்னால் துணியை எடுக்கச் சொல்கிறார். இருபது தடவை கேட்டாராம். அப்புறம்தான் உங்களுக்கு ஃபோன் செய்தார். சோடாபுட்டியும் எங்கள் ஃபோன் பேச்சின் பதிவு முழுவதையும் உங்களிடம் கொடுத்துவிட்டாள். கொடுக்கட்டும். அவள் எப்போதுமே பயந்தாங்கொள்ளி.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், பிற்பாடு யாராவது கண்டுபிடித்து நான் மறைத்ததாகச் சொல்ல வேண்டாம். டீச்சர் விழுந்தது எனக்குக் கேட்டது. காலை பத்தே முக்கால். அப்பா வெளியே போயிருந்தார். முதலில் தொப்பென்று ஒரு சத்தம். அப்புறம் தண்ணீர்க் குழாயில் தட்டுகிற சத்தம். குவளையால் தட்டியிருக்க வேண்டும். மூன்று தட்டு, கொஞ்சம் இடைவெளி, மறுபடி மூன்று. எங்கள் சுவருக்குள் போகிற குழாய் அது, காதுக்குப் பக்கத்திலேயே கேட்கும். வேலையை நிறுத்திவிட்டு உட்கார்ந்தேன். அவருடைய பட்டையில் அவசர அழைப்புக்குக் கொடுத்திருந்தது என் எண். ஃபோனை மேசைமேல் எடுத்துவைத்து, சத்தத்தை முழுசாகக் கூட்டி, அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஐம்பது நிமிடம் இருக்கும். தட்டுவது மெதுவாகி, பிறகு நின்றுவிட்டது.

கல்நெஞ்சக்காரி என்று மட்டும் எழுதிவிடாதீர்கள் மேடம். ஃபோன் அடித்திருந்தால் மறு நொடியே கீழே ஓடியிருப்பேன். அது அடிக்கவில்லை. ஏன் அடிக்கவில்லை என்று அந்தக் கம்பெனிக்காரர்களைக் கூப்பிட்டுக் கேளுங்கள்.