நாற்பத்தொன்பதாவது நட்சத்திரமும் என் தம்பியும்

விழாத் தலைவரே! மீனவர் சங்கத்தின் தூணே! மூன்று நாளாக ஏணியை விட்டு இறங்காமல் இந்த மண்டபத்துக்குத் தோரணம் கட்டிய டோர்கில்ஸ் அவர்களே! நம் அப்பன்மார் நார்வேயிலிருந்து கப்பலேறி வருவதற்கு எத்தனையோ தலைமுறைக்கு முன்பே இந்த ஆறுகளுக்கெல்லாம் பெயர் வைத்து முடித்துவிட்ட டிலிங்கிட் பழங்குடிப் பெரியோர்களே! விடிந்ததிலிருந்து அடுப்பை விட்டு நகராமல் மீன் பொரித்துப் பொரித்து முகம் சிவந்து நிற்கும் தாய்மார்களே! வலை இழுத்துக் காய்த்துப்போன கைகளை இன்று ஒரு நாளாவது மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் தோழர்களே! பேச்சாளர் வரிசையில் என் பெயரைப் பார்த்துவிட்டு, "இவனா?" என்று முகம் சுளித்த அன்பர்களே! உங்கள் அனைவருக்கும் என் வணக்கம். முகம் சுளித்தவர்களுக்கு ஒரு வணக்கம் கூடுதலாக!

ஆம், நான்தான். பொறிக்காவலன் ஹால்டோர்தான் பேசுகிறேன்.

இன்று அலாஸ்கா அமெரிக்காவின் ஒரு மாநிலமாகிவிட்டது. கொடியில் நமக்கென்று நாற்பத்தொன்பதாவது நட்சத்திரம் ஏறப்போகிறது. நேற்றுவரை நாம் யார்? வாஷிங்டன் ஆண்ட வெறும் ஆட்சிப்பகுதி! வரி கட்டினோமே, வாக்குரிமை கொடுத்தார்களா? போருக்குப் பிள்ளைகளை அனுப்பினோமே, அதிபரைத் தேர்ந்தெடுக்கும் நாளில் நம்மை அழைத்தார்களா? நம் கடலில் என்றைக்கு எந்த வலை போடலாம் என்று சொன்னவர்கள் யார்? நம் கடலை எட்டிக்கூடப் பார்க்காதவர்கள்! மழை நமக்கு, மீன் அவர்களுக்கு. குளிர் நமக்கு, கொள்ளை அவர்களுக்கு. இப்படித்தானே ஓடியது நம் காலம்?

அந்தக் கொள்ளையின் வாசலில் நின்றவன் நான். என் படகு பாறையில் மோதி உடைந்த வருடம், சியாட்டில் மீன்டப்பாக் கம்பெனிக்காரன் தன் மீன்பொறிக்குக் காவல் வேலை கொடுத்தான். உங்களுக்குத் தெரியாததா? சால்மன் மீன் முட்டையிட ஆறு தேடி வரும் பாதையில் கட்டைகளை மிதக்கவிட்டு, கம்பிவலை கட்டி, வந்த மீனையெல்லாம் வளைத்துப்போடும் பொறி அது. படகு வேண்டாம், ஆள் வேண்டாம், வியர்வை வேண்டாம். காவலுக்கு மட்டும் ஒருவன், கையில் துப்பாக்கியோடு, அதன்மேல் ஒரு குடிசையில் கிடக்க வேண்டும். பதினான்கு கோடை அங்கே கிடந்தேன்.

"மீன் திருட வந்தா கண்ண மூடிக்குவியே, அதையும் சொல்லுய்யா!"

சொல்கிறேன் இங்வால்ட், பொறுங்கள். என் பொறியில் ஏழு முறை கைவைத்த மகராசர் இவர். ஒருமுறை அதிகாரிகளிடம் மாட்டினார். இதே மண்டபத்தில்தான் வழக்கு நடந்தது. ஜூரி பன்னிரண்டு பேரும் மீனவர்கள். "எங்க மீன எங்காளு எடுத்தா அதுக்குப் பேரு திருட்டாங்க, எசமான்?" என்று நீதிபதியையே கேட்டார்கள். கால்மணி நேரத்தில் விடுதலை! ஜூரியில் பாதிப்பேர் வீட்டில் அன்று அந்த மீன்தான் வெந்துகொண்டிருந்தது.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஊரே வந்தபோது கண்ணை மூடிக்கொண்ட நான், ஒரே ஒருவன் வந்தபோது மூடவில்லை. அவன் என் தம்பி ஆஸ்முண்ட்.

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன், ஆகஸ்டு மாதப் பிற்பகல். கம்பெனி மேலாளர் மேற்பார்வைக்கு வந்து என் முதுகுக்குப் பின்னால் நிற்கிறார். தம்பியின் படகு வருகிறது. நான்கு வாரமாக அந்தப் படகில் மீன் ஏறவில்லை.

"அண்ணே, என் வலைய ஒதுக்கிட்டு எல்லாம் உன் பொறிக்குள்ளதான் போவுது. கொஞ்சம் அள்ளிக்கிறேன்."

"தள்ளிப் போடா. அந்தாளு பாக்குறான்."

"பாக்கட்டுமே. யாரு கடல்ல நின்னுக்கிட்டு யாரு பாக்குறது?"

துப்பாக்கியைத் தூக்கினேன். நீட்டினேன்.

"சுடப்போறியா? சுடுண்ணே. அப்படியே அம்மாவுக்கும் நீயே காகிதம் எழுதிப் போட்டுடு."

படகைத் திருப்பிக்கொண்டு போனான். இலையுதிர் காலத்தில் படகை விற்றான். எந்த ஊர் நம் மீனைத் தின்றதோ, அந்தச் சியாட்டிலுக்கே போய்க் கப்பல்களுக்கு வர்ணம் அடிக்கிறான். அன்றிலிருந்து அவனுக்கும் எனக்கும் பேச்சில்லை.

பிறகு வந்தது நம் மாநிலத்துக்கான அரசியல் சட்டம்! ஐம்பத்தைந்து பேர் ஃபேர்பேங்க்ஸில் கூடினார்கள். கொட்டும் பனியில் எழுபத்தைந்து நாள் உட்கார்ந்து எழுதினார்கள். எழுதியதை ஏற்கிறோமா என்று நம்மையே கேட்டார்கள். வாக்குச்சாவடியில் சீட்டுக் கொடுத்தவர் இதோ இருக்கும் எஸ்தர் அக்கா.

"ஹால்டோரு, மூணு கேள்வி இருக்கு. மூணாவது, பொறியெல்லாம் ஒழியட்டுமான்னு. உன் சோத்துல மண்ணு விழுற சமாச்சாரம். நல்லா யோசிச்சுப் போடு."

"யோசிச்சுட்டேன்க்கா."

ஒழியட்டும் என்றே போட்டேன். என் வேலைக்கு நானே வேட்டு வைத்தேன்! மீனும் நீரும் மக்கள் எல்லாருக்கும் பொது என்கிறதே நம் சட்டம், அந்த வரியைப் பொறியின் மேல் தனியாக நின்றுகொண்டு உரக்கப் படித்தேன். கேட்க யார் இருந்தார்கள்? இதை ஆஸ்முண்ட் கேட்க வேண்டுமே என்று நெஞ்சு கிடந்து தவித்தது. அன்றிலிருந்து அந்த ஏக்கம் என்னை விடவில்லை. கரையில் எந்தப் படகு சத்தம் கேட்டாலும் அவனோ என்று எழுந்து பார்க்கிறேன். வெட்கம் இல்லாமல் சொல்கிறேன், என் தம்பி எனக்கு வேண்டும்.

"அன்னிக்கு நீ நீட்டினது குண்டில்லாத வெறுந்துப்பாக்கிதானே! எழுதிப் போட்டா வந்துடுவான்!"

நன்றி இங்வால்ட். இத்தனை ஆண்டும் அந்த வார்த்தையைச் சொல்லித்தான் நீங்களெல்லாம் என்னைத் தேற்றினீர்கள். நான்தான் அதை உங்களிடம் சொல்லிவைத்தேன். அது பொய். துப்பாக்கியில் குண்டு இருந்தது. காலையில் நானே போட்டேன். விசையில் விரலும் இருந்தது.



பன்னிரண்டு ஆண்டும் என்னிடம் ஒரு சாக்கு இருந்தது. சட்டம் அவர்களுடையது, துப்பாக்கி அவர்களுடையது, நான் கூலிக்காரன்! இன்று? சட்டம் நம்முடையது. கடல் நம்முடையது. அப்படியானால் குற்றமும் நம்முடையது! விரலை நீட்ட இனி வாஷிங்டன் இல்லை, பழியைப் போட இனி சியாட்டில் இல்லை. இந்த மாநிலம் எனக்குக் கொடுத்த முதல் உரிமை எது தெரியுமா தோழர்களே? என் பிழையை என்னுடையது என்று சொல்லும் உரிமை! இதற்காகவா இத்தனை காலம் ஏங்கினோம் என்று கேட்பீர்கள். இதற்காகவும்தான் ஏங்கினோம்!

கப்பல் ஊதுகிறது, கேட்கிறதா? சியாட்டில் போகிற கப்பல். என் பெட்டி மேடைக்குப் பின்னால் இருக்கிறது. மாநிலம் பிறந்த நாளிலேயே மாநிலத்தை விட்டுப் போகிறானே என்று ஏசாதீர்கள். கதவைத் திறப்பானா, தெரியாது. திறக்காவிட்டால் வாசலில் நின்று உரக்கச் சொல்வேன்: "குண்டு இருந்துச்சுடா தம்பி. சுட்டிருப்பேனோ என்னவோ, எனக்கே தெரியல. மன்னிச்சுடு."

பொறிக்காவலனையும் மேடையேற்றிய தலைவருக்கு நன்றி. பொய்யனென்று தெரிந்த பிறகும் எழுந்து போகாமல் கேட்ட உங்களுக்கு அதைவிடப் பெரிய நன்றி. என் பங்குக் காப்பியை இங்வால்ட் குடிக்கட்டும். வழிவிடுங்கள். எல்லாருக்கும் வணக்கம், என் தம்பியைப் பார்க்கப் போகிறேன்.