ஞாயிற்றுக்கிழமைகளைக் கழித்தவன்

டீயில் சர்க்கரை கொஞ்சம் தூக்கல். பரவாயில்லை இன்ஸ்பெக்டர் சார், குடிக்கிறேன். நீங்கள் இப்படி உறுத்துப் பார்க்காமல் இருந்தால் நானும் நிதானமாகச் சொல்லி முடிப்பேன்.

குடிநீர் வாரியத்தில் எண்களைப் பார்ப்பது என் வேலை. வீடுகளுக்குப் போகும் தண்ணீரில் உலோகம் எவ்வளவு கலந்திருக்கிறது என்று பம்ப் ஹவுஸ் கருவி ஒன்று அனுப்பிக்கொண்டே இருக்கும். அளவு எகிறினால் அலாரம் அடிக்க வேண்டும். அதற்கான நிரலை எழுதியவன் நான்தான்.

முதலில் எழுதியது ஞாயிறுதோறும் அடித்தது. சீஃப் இன்ஜினியருக்கு வாரத்தில் ஒருநாள்தான் லீவு.

“உன் மிஷின் என் உயிரை வாங்குதுய்யா. வழக்கமா வர்றதுக்கெல்லாம் எதுக்குக் கத்துது? புதுசா ஏதாவது வந்தா மட்டும் கத்தச் சொல்லு” என்றார்.

வழக்கமாக வருவது என்ன என்று அவர் கேட்கவில்லை. ஆற்றின் மேல்பக்கம் முலாம் பூசும் ஆலை ஒன்று, விடுமுறை நாளில் தொட்டிகளைக் கழுவி ஆற்றில் திறந்துவிடும். விசாரித்துத் தெரிந்துகொண்டேன். ஆனால் கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லும் வேலைக்கு என்னை யாரும் வைக்கவில்லை.

ஒரே இடைவெளியில் திரும்பத் திரும்ப வருவதை எங்கள் தொழிலில் பருவம் என்போம். பருவத்தைக் கழித்துவிட்டு, மிச்சத்தின் சராசரியும் ஏற்ற இறக்கமும் காலத்தோடு மாறாமல் நிற்கின்றனவா என்று சோதிப்பது பாடப்புத்தக முறை. பைதான் என்ற கணினி மொழியில் நாலைந்து வரிதான். பருவத்தின் நீளம் ஒரு வாரம் என்று கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை ஏற்றங்கள் கணக்கிலிருந்து கழிந்தன. மிச்சம் தூங்கும் குழந்தை மாதிரி அமைதியாகக் கிடந்தது. நிலைத்தன்மைச் சோதனையில் முதல் தடவையே தேறியது. அந்தக் கோட்டைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது, சார். இனி அலாரம் மிச்சத்தை மட்டும் பார்க்கும்.

இந்த நிரலுக்காக மேடையேற்றிப் பரிசு கொடுத்தார்கள். கைதட்டியவர்களில் உங்கள் துறைக்காரர்களும் இருந்தார்கள். இப்போது என்னை மட்டும் கூண்டில் ஏற்றுவது எந்த ஊர் நியாயம்?

ஒரு தடவை ஆலைக்காரர்கள் புதன்கிழமை திறந்துவிட்டார்கள். அலாரம் அலறியது. சீஃப் வாய்க்கு வந்தபடி திட்டினார். நேரே ஆலைக்குப் போய் சூப்பர்வைசரைப் பார்த்தேன். அவர் முகம் வெளிறி, மேஜை இழுப்பறையை இழுத்தார்.

“அதெல்லாம் வேண்டாம்ணே. எப்பவும்போல ஞாயித்துக்கிழமையே திறந்து விடுங்க. கிழமையை மட்டும் மாத்தாதீங்க.”

“அவ்வளவுதானா?” என்றவருக்கு மூச்சு வந்தது. “அடுத்த மாசம் சுத்திகரிப்புத் தொட்டி வைக்கப்போறோம் தம்பி. அப்புறம் ஆத்துல விடவே வேண்டியிருக்காது.”

கழிவு திடீரென்று நின்றுபோனாலும் மிச்சம் ஆடும். சோதனை தோற்கும். என் கோடு கெடும்.

“அதுக்கு என்னண்ணே அவசரம்? எங்க பக்கத்துல இருந்து ஒரு தொந்தரவும் வராது” என்றேன். தொட்டி வரவில்லை. அதன்பின் ஒரு ஞாயிறுகூடத் தவறவில்லை. நல்ல மனுஷன், என் பேச்சைத் தட்டவில்லை.

அக்கா அடுத்த தெருவில் இருந்தாள். அவள் மகனுக்குக் கால் வீங்கியது, பிறகு முகம். சிறுநீரகம் என்றார்கள். அவனைத் தோளில் சாய்த்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாள்.

“தம்பி, தண்ணியில ஏதாச்சும் இருக்குமாடா? நீ அங்கதானே வேலை பாக்குற.”

மடிக்கணினியைத் திறந்து மிச்சத்தைக் காட்டினேன். “பாருக்கா, கோடு ஆடவே இல்ல.”

“நீ சொன்னா சரிதாண்டா” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள். அதே தண்ணீரைக் கொதிக்கவைத்துக் கொடுத்தாள். கொதித்தால் கிருமி சாகும், உலோகம் போகாது. அதையும் அவள் கேட்கவில்லை. பையன் பள்ளிக்கூடம் திறக்கும் முன்பே போய்விட்டான். அதே குழாயில் குடித்த வேறு பிள்ளைகளின் படங்களையும் காலையில் வரிசையாக வைத்தீர்கள். பார்த்தேன். நெஞ்சில் கை வைத்துச் சொல்கிறேன், ஒரு பொய் எண்கூட நான் எழுதியதில்லை. நிரலை யாரிடம் வேண்டுமானாலும் கொடுங்கள். ஒரு வரியில் தப்பு காட்டட்டும், நீங்கள் நீட்டும் இடத்தில் கையெழுத்துப் போடுகிறேன்.

என் பிள்ளைகள் மட்டும் எப்படித் தப்பித்தார்கள் என்று இரண்டு தடவை கேட்டுவிட்டீர்கள். எங்களுக்கும் அதே குழாய்தான். சனிக்கிழமை சாயங்காலமே பாத்திரங்களை எல்லாம் நிரப்பி மூடிவைக்கச் சொல்லிவிடுவேன். திங்கள் மதியம்வரை குழாயைத் தொடக் கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். என் மனைவி ஏன் என்று கேட்டதே இல்லை. அக்காவிடம் சொல்லியிருந்தால் ஏன் என்று கேட்டிருப்பாள்.