அணையை உடைக்க நாற்பத்து மூன்று கையெழுத்து

தலைமை நாற்காலியிலும், பனிக்கட்டியில் கல்லை வழுக்கி ஆடும் கர்லிங் கழகத்தின் தலைமையிலும், இந்த ஊரில் கிடைக்கும் எல்லாத் தலைமையிலும் வீற்றிருக்கும் திரு. கில்கிறிஸ்ட் அவர்களே! தொலைநோக்கியும் கையுமாக முன்வரிசையை அலங்கரிக்கும் திருமதி ஐலா நேர்ன் அவர்களே! வானம் இருண்டாலே மெத்தையை மாடிக்குத் தூக்கிப் பழகிய ஆலைத்தெருப் பெரியோர்களே, தாய்மார்களே! தேநீருக்கு வந்து தீர்மானத்தில் மாட்டிக்கொண்ட பால்டரன் மக்களே! உங்கள் அனைவருக்கும், ஆறு ஏக்கர் தண்ணீருக்குச் சொந்தக்காரியான எஃபி ராட்ரேயின் வணக்கம்.

தண்ணீர் என்றுதான் சொன்னேன். நிலம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நம் முன்னோர் தோலுக்காக வேட்டையாடி, ஸ்காட்லாந்தில் ஒன்றுகூட மிச்சமில்லாமல் தீர்த்துக்கட்டிய விலங்கு பீவர். அது இன்று டே நதிக்குத் திரும்பியிருக்கிறது. வரட்டும், வாழட்டும்! ஆனால் மரத்தைப் பல்லால் வீழ்த்தி அணை கட்ட அதற்கு என் ஓடைதானா கிடைத்தது? காலையில் நான் பிரித்த அணையை மறுநாள் காலைக்குள் கட்டி முடித்தது. பிரித்தேன், கட்டியது. பிரித்தேன், கட்டியது. பிரித்துப் பிரித்து என் முதுகுதான் பிரிந்தது! மூழ்கிய வயலில் அழுகிய உருளைக்கிழங்கு வாடையில், டிராக்டருக்குள் உட்கார்ந்து அழுதேன். ஆம், அழுதேன். சொல்ல எனக்கு வெட்கமில்லை.

அப்போது வேலியோரம் வந்து நின்றார் திருமதி நேர்ன். "எஃபி, பீவர் குட்டி நீந்துது பாத்தியா? காணக் கண் கோடி வேணும்டீ!" என்றார். "என் உருளைக்கிழங்கும் நீந்துதுக்கா, அதையும் பாத்துட்டுப் போங்க" என்றேன். பார்த்தாரா? இல்லை. என் வாசலை மறித்து நிறுத்திய காரையாவது எடுத்தாரா? அதுவும் இல்லை!

பின்வரிசையில் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், அடுத்தது உங்கள் கதைதான்.

இதோ என் கையில் இருக்கும் தாள், திரு. கில்கிறிஸ்ட் வீடுவீடாக ஏறி இறங்கி வாங்கிய மனு. 'அணையை உடை, பீவரைச் சுடு' என்கிறது. நாற்பத்து மூன்று கையெழுத்து! ஆலைத்தெருவில் ஒரு வீடு விடாமல் போட்டிருக்கிறீர்கள். ஐயா, சென்ற நவம்பரில் மூன்று நாள் அடைமழை பெய்ததே, உங்கள் சமையலறைக்குள் வழக்கமாக வரும் வெள்ளம் எங்கே போனது? என் வயலில் நின்றது! அந்த அணை பிடித்து நிறுத்தியது! ஒருவராவது கதவைத் தட்டி, 'எஃபி, எங்க மெத்தை நனையல' என்று ஒரு வார்த்தை சொன்னீர்களா?

ஜனவரியில் உறைபனி வந்தது. ஒரு நாள் காலையில் எட்டிப் பார்க்கிறேன், பீவர் குளத்தில் பனிக்கட்டி. பனிக்கட்டிமேல் கர்லிங் கழகம்! கருங்கல்லை வழுக்கிவிட்டு, துடைப்பத்தால் பனியைத் தேய்த்தபடி அதன் முன்னால் ஓடிக்கொண்டிருக்கிறார் நம் தலைவர்.

"அணையை உடைக்கச் சொன்னது நீங்கதானே?" என்று கேட்டேன்.

"கோவிச்சுக்காதம்மா. திறந்தவெளி ஐஸ் பாத்து பதினோரு வருஷமாச்சு. உடைக்கிறதைப் பனி உருகினப்புறம் பாத்துக்கலாம்" என்றார்.

போகும்போது மனுவை என் வேலியிலேயே மறந்துவிட்டுப் போனார். முன்பக்கம் நாற்பத்து மூன்று கையெழுத்து. பின்பக்கத்தைப் படிக்கட்டுமா? கில்கிறிஸ்ட் அணி நான்கு, எதிரணி ஏழு! சுடச் சொன்ன தாளிலேயே ஆட்டக் கணக்கு எழுதிய ஊர் உலகத்தில் வேறு உண்டா? தோற்றதுதான் எனக்கு ஒரே ஆறுதல்.

இன்று என்ன கேட்கிறீர்கள்? சுடுவதற்கான விண்ணப்பத்தில் நிலத்துக்காரி கையெழுத்துப் போட வேண்டும் என்கிறீர்கள். பேனா என்னிடம் இருக்கிறது. போட்டால் என் வயல் திரும்பும். உங்கள் வெள்ளமும் திரும்பும். போடாவிட்டால் உங்கள் வீடு காயும். என் வயிறும் காயும். ஊருக்கு நன்மை, எஃபிக்கு மட்டும் தண்ணீர். இது எந்த ஊர் நியாயம்?

வழி ஒன்று இருக்கிறது. அணையின் ஊடாக ஒரு குழாய் பதித்தால் குளம் முழங்காலளவில் நிற்கும். நான்கு ஏக்கர் எனக்கு, இரண்டு ஏக்கர் பீவருக்கு. மழைநீர் தேங்க இடமிருக்கும், உங்கள் கல்லுக்கும் பனி இருக்கும். ஏப்ரல் பிறந்தால் குட்டி போடும் காலம். அதற்குப் பிறகு அணையைத் தொடக் கூடாது. குழாய் வந்து இறங்கிவிட்டது. வேண்டியது இருபது மண்வெட்டி. யார் வருகிறீர்கள்? கையைத் தூக்குங்கள்.

என்ன, ஒரு கையும் காணோம்? கையெழுத்துப் போட மட்டும் நாற்பத்து மூன்று கை இருந்ததே!

இதோ, தலைவர் கை மெல்ல எழுகிறது. மணி பார்க்கிறாரோ என்று நினைத்தேன். இல்லை, கையைத் தூக்கித்தான் இருக்கிறார். திருமதி நேர்ன், தொலைநோக்கியைக் கீழே வைத்துவிட்டு நீங்களும் தூக்கலாம். நல்லது.

இரண்டு கைகளுக்கு நன்றி. மீதிப் பதினெட்டையும் சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு, சேறும் சகதியுமாக, அணையருகே சந்தித்து நன்றி சொல்வேன். வராவிட்டால் பத்து மணிக்குக் கையெழுத்துப் போடுவேன். அடுத்த மழைக்கு மெத்தையைத் தூக்க என்னைக் கூப்பிடாதீர்கள். வணக்கம்.